உரக்கச் சொன்ன மூன்றடி

‘டெம்பரன்ஸ்’ என்றால் அளவோடு இருத்தல் என்று அர்த்தம். அறுபத்துநான்கு பீரங்கி ஏற்றிய போர்க்கப்பலுக்கு அந்தப் பெயரை வைத்த மகராசன் யாரென்று தெரிந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். அதில் இருந்த நானூறு பேரில் ஒருவன்கூட ரம்மை அளவோடு குடித்ததில்லை. கப்பலும் கடல்தண்ணீரை அளவோடு குடித்ததில்லை. என் பெயர் சைலஸ். அந்தக் கப்பலில் நான்கு வருடம் தச்சருக்கு உதவியாளாக இருந்தேன். எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று மணிக்கொரு முறை அளந்து சொல்வது என் வேலை. அதனால் இந்தக் கதையை நான்தான் சொல்லியாக வேண்டும். அந்த அளவுகளின் ரகசியம் தெரிந்தவர்களில் வேறு ஆளும் மிச்சமில்லை.

மரக்கப்பல் என்றால் ஒழுகத்தான் செய்யும். ஒழுகிய தண்ணீரெல்லாம் கப்பலின் அடிவயிற்றில், பம்புக் குழாய்கள் இறங்கும் குழியில் போய்ச் சேரும். அதைக் கிணறு என்போம். நாலடி நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிறு. கம்பியில் சுண்ணாம்பைத் தேய்த்து இறக்கி எடுத்தால் எதுவரைக்கும் நனைந்திருக்கிறதோ அதுவரைக்கும் தண்ணீர். அளப்பதில் ஒரு வித்தையும் கிடையாது. அளந்ததைச் சொல்வதில்தான் அத்தனை தொல்லையும்.

ஏனென்றால், நான் அளந்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே முப்பது பேர் பம்பின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் ஏறுகிறது என்று கேட்டால் கையை விட்டுவிடுவார்கள் என்று அதிகாரிகளுக்குப் பயம். கையை விட்டவன் நேரே ரம் பீப்பாயை உடைக்கப் போவான், பிறகு கடவுளே வந்து கூப்பிட்டாலும் வரமாட்டான். சரி, கேப்டன் காதில் ரகசியமாகச் சொல்லலாம் என்றால் அது இன்னும் மோசம். குசுகுசுப்பைப் பார்த்ததும் மூன்றடியை முப்பதடி ஆக்கிக்கொள்வார்கள்.

ஆகவே எங்கள் கேப்டன் ஹார்ட்விக்கும் தச்சர் பென்ரோஸும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எண்ணை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்வது, ஆனால் இரண்டு அடி குறைத்துச் சொல்வது. கேப்டன் மனதுக்குள் இரண்டைக் கூட்டிக்கொள்வார். உரக்கச் சொன்னது மூன்று என்றால் உள்ளது ஐந்து. இது கேப்டன், பென்ரோஸ், நான் என்று மூன்று பேருக்கு மட்டுமே தெரியும்.

"இதைப் பொய்யின்னு நெனச்சு மனசப் போட்டு அலட்டிக்காதடா," என்பார் பென்ரோஸ். "வெறும் கழித்தல் கணக்கு."

ஜமைக்காவில் மூன்று மாதம் கிடந்தோம். மஞ்சள் காய்ச்சல் கப்பலைச் சலித்து எடுத்துவிட்டது. பென்ரோஸ் செத்தார். முதல் லெப்டினன்ட் செத்தார். வேறு கப்பலிலிருந்து மெரிடித் என்ற லெப்டினன்ட் அவர் இடத்துக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். கத்தாத மனிதர், எங்களைப் போன்றவர்களிடமும் தயவுசெய்து என்று சொல்லுவார், அதற்காகவே பையன்கள் அவரைக் கேலி செய்தார்கள். தச்சர் வேலையையும் சேர்த்து நானே பார்த்தேன். சர்க்கரை ஏற்றிய நாற்பது சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக, நாங்களும் ‘பிளோவர்’ என்ற சிறிய போர்க்கப்பலும் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்குக் கிளம்பினோம்.

செப்டம்பர் நடுவில், நட்டநடு அட்லாண்டிக்கில் புயல் பிடித்தது. இரண்டு நாள் அடித்தது. முதல் நாளே பெரிய பாய்மரம் போயிற்று. இரண்டாம் நாள் பின்பாய்மரம் முறிந்து விழுந்தபோது அதன் அடியில் கேப்டன் ஹார்ட்விக் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பிரித்தெடுக்கக் கோடரி தேவைப்பட்டது. அந்த வேலையும் தச்சன் வேலைதான். என் கையால்தான் செய்தேன். பாரம் குறைய இரண்டு பீரங்கிகளைத் தவிர மற்றவற்றைக் கடலில் தள்ளினோம். மூன்றாம் நாள் விடிந்தபோது காற்று தணிந்திருந்தது, அலை தணியவில்லை, கப்பல் குடித்துக்கொண்டே இருந்தது.

கம்பியை எடுத்துக்கொண்டு பம்புப் பக்கம் போனேன். கைப்பிடியில் முதல் ஆளாக டோபயஸ் நின்றிருந்தான். நாங்கள் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். புழு நெளியும் பிஸ்கட்டைத் தட்டித் தின்னும்போதுகூட யாரையாவது வம்புக்கு இழுக்காவிட்டால் அவனுக்குச் செரிக்காது. இரண்டு நாளாகத் தூங்காமல் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"வாங்க, தச்சர் ஐயா வாங்க! இன்னிக்குக் கெணத்துல முழுகிக் குளிக்கலாமா, கால் மட்டும் நனைச்சுக்கலாமா?"

"உன் மூஞ்சியக் கழுவுற அளவுக்கு இருந்தாலே பெரிசு. சும்மா சுத்து."

"சுத்திக்கிட்டேதானே இருக்கேன். கீழ தம்பி கெடக்கான் பாரு, அவனைப் பாத்தியா? கஞ்சி குடிச்சானா?"

அவன் தம்பி நேதன் கீழ்த்தளத்தில் காய்ச்சலில் கிடந்தான். அவனோடு சேர்த்து நாற்பத்துமூன்று பேர் எழுந்து நிற்க முடியாமல் வலைத்தூளிகளில் கிடந்தார்கள். கப்பல் போனால் முதலில் போகிறவர்கள் அவர்கள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கம்பியை இறக்கினேன். இழுத்தபோது கம்பி முழுக்க நனைந்து, அதற்கு மேல் கயிற்றிலும் முதல் முடிச்சுவரை ஈரம். ஐந்தடி. வழக்கம்போலத் திரும்பி நின்று காற்சட்டையில் துடைத்தேன். மெரிடித் நெற்றியில் ரத்தக் கட்டோடு பம்புக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். கேப்டன் போய்விட்டார், இனி அவர்தான் கேப்டன். கேப்டனுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்தேன். அந்த ஒரு நினைப்புக்கு என்னை எத்தனை முறை செருப்பால் அடித்துக்கொண்டாலும் தகும்.

"மூணடி, ஐயா!" என்று கத்தினேன்.

அவர் முகம் மலர்ந்தது. "மூணா? நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன் ஐயா. ரெண்டு மணி நேரமா ஏறவே இல்ல."

ஏறவில்லை என்பது உண்மைதான். பம்பு சுற்றியவர்கள் "ஹுர்ரே!" என்று ஒரு சத்தம் போட்டார்கள். மெரிடித்தும் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அடேயப்பா, என்னமாய் நடிக்கிறார், ஹார்ட்விக்குக்குக்கூட இவ்வளவு வராது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

‘பிளோவர்’ அப்போது எங்களை நெருங்கி வந்துகொண்டிருந்தது. மூன்று பாய்மரமும் முழுசாக நின்ற அந்தக் கப்பலைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது. இனி பயமில்லை, நோயாளிகளை ஏற்றிக்கொள்வார்கள், முடியாமல் போனால் எங்களையும் ஏற்றிக்கொள்வார்கள். ஒழுக்கை அடைக்கக் கீழே இறங்கினேன்.

போகிற வழியில் நேதன் என் காற்சட்டையைப் பிடித்து இழுத்தான். முகத்தில் எலும்புதான் இருந்தது.

"சைலஸண்ணே, பிளோவர் வந்துடுச்சாமே. எங்கள ஏத்திக்குவாங்களா?"

"பின்ன? உங்களத்தான் மொதல்ல. சட்டையப் போட்டுக்கிட்டுத் தயாரா இரு, அந்தக் கப்பல்காரனுங்க மரியாதை பாக்கறவனுங்க."

பாவி, சிரித்தான். எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தேட ஆரம்பித்தான்.

கப்பலின் பக்கச்சுவரை ஒட்டித் தச்சர்கள் மட்டும் ஊர்ந்து போகும் சந்து ஒன்று உண்டு. அதற்குள் இரண்டு மணி நேரம் கிடந்தேன். கயிற்றுச் சணலைக் கொழுப்பில் தோய்த்து இடுக்குகளில் திணித்து மேலே ஈயத் தகடு அடித்தேன். ஓரிடத்தில் அடைத்தால் அடுத்த இடத்தில் பிதுங்கியது. பலகைகளைப் பிடித்திருந்த ஆணிகள் மரத்துக்குள் ஆடின. என் கட்டைவிரலை வைத்து ஓர் ஆணியைத் தள்ளினேன், அது உள்ளே போய்விட்டது. சுத்தியலைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். கம்பியை இறக்கி எடுத்தேன். ஆறரை. நிமிர்ந்து கடலைப் பார்த்தால் ‘பிளோவர்’ இல்லை.

இல்லை என்றால், இருந்தது. வெகு தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லாப் பாயையும் விரித்துப் போய்க்கொண்டிருந்தது.

மெரிடித்திடம் போனேன். "ஐயா, பிளோவர் எங்க போகுது?"

"செதறிப் போன சரக்குக் கப்பல்களத் திரட்டப் போகுது. பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பல் சுத்துதாம். நோயாளிகளை நாங்க ஏத்திக்கவான்னு கேட்டாங்க. இந்த அலையில படகுல எறக்கினா பாதிப் பேர் வழியிலேயே போயிருவாங்கன்னு வைத்தியர் சொன்னாரு. தண்ணி மூணடிதான், பம்பு தாங்குது, நாங்க மெதுவா வந்துடுறோம், நீங்க கெளம்புங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்குக் காலுக்கடியில் கப்பல் இல்லாதது போலிருந்தது. அவரைப் பீரங்கி மறைவுக்கு இழுத்துப் போனேன். அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்தால் என்ன தண்டனை என்பதெல்லாம் நினைவுக்கே வரவில்லை.

"ஐயா, மூணு இல்ல. அஞ்சு."

"எது அஞ்சு?"

"காலையில தண்ணி அஞ்சடி. நான் மூணுன்னா அஞ்சு. ரெண்டு கொறச்சுச் சொல்லுவேன், கேப்டன் கூட்டிக்குவாரு. பம்புக்காரனுங்க மனசு விட்டுறக் கூடாதுன்னு... கேப்டன் உங்ககிட்டச் சொல்லலையா?"

அவர் என்னையே பார்த்தார். "நல்லாப் பாத்தியான்னு கேட்டேனே. என் மூஞ்சியப் பாத்துச் சொன்னியேய்யா."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் ஐயா."

"இப்ப?"

"ஆறரை. ஆணியெல்லாம் விட்டுப்போச்சு. சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

அவர் ஓர் அறை விட்டிருக்கலாம். திட்டியாவது இருக்கலாம். அந்த மனிதர் இரண்டும் செய்யவில்லை. ஆபத்து என்பதற்கு அடையாளமாகக் கொடியைத் தலைகீழாக ஒரு துடுப்பில் கட்டித் தூக்கச் சொன்னார். மிச்சமிருந்த பீரங்கியைச் சுடச் சொன்னார். வெடிமருந்து அறை நனைந்து களியாகிக் கிடந்தது. உலர்ந்த மருந்து ஒரே ஒரு வெடிக்குத்தான் தேறியது. அதைச் சுட்டோம். அந்த நேரம் பார்த்து மழைத்திரை ஒன்று நடுவில் இறங்கியது. மழை விலகியபோது கடலில் ஒன்றுமே இல்லை.

பெரிய படகு ஒன்று மட்டும் உடையாமல் இருந்தது. அதிலும் பலகை விட்டிருந்தது. முப்பது பேர் ஏறலாம், நெருக்கினால் முப்பத்தைந்து. பெரிய பாய்மரம் இல்லாமல் அதைத் தூக்கி இறக்க மூன்று மணி நேரமாவது வேண்டும். அதுவரை பம்பு நிற்கக் கூடாது.

"என்ன எண்ணு சொல்லப் போற?" என்று மெரிடித் கேட்டார்.

"நீங்க சொல்றத."

"பழையபடியே சொல்லு," என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பம்புப் பக்கம் போய் "நாலரை!" என்று கத்தினேன். "ஹுர்ரே!" என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஏழரை இருந்தது. "அஞ்சரை!" என்றேன். அதற்கும் "ஹுர்ரே!" என்றார்கள். கைப்பிடி ஒரு சுற்றுக்கூட மெதுவாகவில்லை. என் பொய் வேலை செய்கிறது என்று நினைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று மணிக்குப் படகு தண்ணீரில் இறங்கியது. பம்பில் இல்லாதவர்களுக்குள் சீட்டுப் போட்டார்கள். எனக்குச் சீட்டுப் போடவில்லை. ஒழுகும் படகை மிதக்கவைக்க ஒரு தச்சன் வேண்டும், நீ போ என்று மெரிடித் உத்தரவு போட்டார். நான் போகமாட்டேன் என்றேன். "உன் ஒருத்தன் உசிருக்காகச் சொல்லல," என்றார். "முப்பத்துநாலு பேர் அதுல போறாங்க. அவங்களுக்காவது ஒழுங்கா அளந்து சொல்லு." வாழ்நாளில் யாரும் என்னை அதைவிடக் கேவலமாகத் திட்டியதில்லை.

போவதற்கு முன் டோபயஸிடம் ஓடினேன். அவனுக்காவது உண்மையைச் சொல்ல வேண்டும். கைப்பிடியைச் சுற்றியவாறே என்னைப் பார்த்தான். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து கைப்பிடி சிவந்திருந்தது.

"டோபி, வந்துடு. கேக்கறியா? நான் சொன்னதெல்லாம் பொய்யிடா. அஞ்சரை இல்ல..."

"ஏழரை," என்றான் டோபயஸ்.



"என்னடா முழிக்கிற? நீ மூணுன்னா அஞ்சு, நாலரைன்னா ஆறரை. இது இந்தக் கப்பல்ல இருக்கற பூனைக்குக்கூடத் தெரியும். கம்பியத் தொடைச்சே, கயித்துல ஈரம் சொட்டுதே, அத யாரு தொடைப்பா? எங்களுக்கென்ன கண்ணு பொட்டையா?"

பக்கத்திலிருந்த கிழட்டு மாலுமி ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். "பென்ரோஸ் காலத்திலேருந்தே தெரியுமப்பா."

"அப்புறம் எதுக்குடா ஹுர்ரேன்னு கத்துனீங்க?"

"நீ அவ்ளோ ஆசையாக் கத்துவே. கேப்டனும் ஆசையாத் தொப்பிய ஆட்டுவாரு. அவங்க மனசு விட்டுறக் கூடாதேன்னு நாங்களும் ஒரு சத்தம் போட்டு வெப்போம்." ஒரு சுற்றுச் சுற்றினான். "எண்ணு எதுவா இருந்தா என்ன? கையை விட்டாச் சாவு. அது தெரிஞ்சவனுக்கு உன் கணக்கு எதுக்குடா?"

"டேய்... அந்த லெப்டினன்டுக்குத் தெரியாதுடா. மூணுன்னு நம்பித்தான் பிளோவர அனுப்பிட்டாரு."

இதுவரை நிற்காத டோபயஸின் கை அப்போதுதான் நின்றது. முப்பது பேரின் கையும் நின்றது. பம்பின் சத்தம் ஓய்ந்து, கீழே தண்ணீர் பலகையில் மோதும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சேதான் அனுப்புறாருன்னு நெனச்சோம்," என்றான் மெதுவாக. "பெரிய மனுசங்க, அஞ்சடியிலயும் தாங்கும்னு ஏதோ கணக்குப் போட்டிருப்பாங்கன்னு..." அவனால் முடிக்க முடியவில்லை. வாயாடி டோபயஸ் பேச்சைப் பாதியில் விட்டதை அன்றுதான் பார்த்தேன். பிறகு கைப்பிடியில் எச்சிலைத் துப்பி மறுபடியும் பிடித்துக்கொண்டான். "போடா. படகு விலகற வரைக்கும் இது மெதக்கணும். நேதன விட்டுட்டு நான் எங்க வர்றது? சுத்துங்கடா!"

சுற்றினார்கள். எல்லாம் தெரிந்தே சுற்றினார்கள். நேதனைப் பார்க்கக் கீழே போக எனக்குத் தைரியம் இல்லை. ஏணி வழியாக எட்டிப் பார்த்தபோது, முழங்கால் தண்ணீருக்கு மேலே தொங்கிய தூளியில் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

படகு விலகி அரை மணியில் ‘டெம்பரன்ஸ்’ மூக்கைக் குத்திக்கொண்டு போயிற்று. கடைசிவரை பம்பின் சங்கிலிச் சத்தம் கேட்டதாகப் படகில் இருந்த சிலர் சொல்கிறார்கள். எனக்குக் கேட்டது நான் படகிலிருந்து தண்ணீரை இறைத்த சத்தம் மட்டும்தான். நான்கு நாள் கழித்து ஒரு போர்த்துகீசிய ஒயின் கப்பல் எங்களை எடுத்தது. மறுநாளே ‘பிளோவர்’ திரும்பி வந்து தேடியதாம். இரண்டு பீப்பாய்கள் அகப்பட்டனவாம்.

கப்பலை இழந்தவர்களை விசாரிப்பது வழக்கம். பிளிமத்தில் விசாரித்தார்கள். ‘பிளோவர்’ புறப்பட்டபோது கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார்கள். ஐந்தடி என்றேன். படகில் தப்பி வந்த கப்பல் பதிவேட்டைப் புரட்டி, மூன்று என்றல்லவா இருக்கிறது என்றார்கள். உரக்கச் சொன்னது மூன்று, உள்ளது ஐந்து என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, புயலால் நேர்ந்தது, யார்மீதும் குற்றமில்லை என்று தீர்ப்பெழுதி எழுந்து போனார்கள். சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

என்னை அடுத்த கப்பலுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் கம்பி, சுண்ணாம்பு, கிணறு. அங்கேயும் ஒரு புயல் வந்தது. அளந்துவிட்டு நிமிர்ந்தபோது அந்தக் கேப்டன் என் தோளைப் பிடித்து, "என் காதுல மட்டும் சொல்லு, இவனுங்களுக்குத் தெரிய வேணாம்," என்றார். நான் பம்புக்காரர்கள் பக்கம் திரும்பி, "நாலடி! ஏறிக்கிட்டிருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவனும் கைப்பிடியை விடவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினார்கள்.

புயல் அடங்கியதும், உத்தரவை மீறியதற்காக எல்லோர் முன்னாலும் என் சட்டையைக் கழற்றிக் கட்டிவைத்தார்கள். கிணற்றில் இருந்தது நாலடி, என் முதுகில் விழுந்தது பன்னிரண்டு அடி. இரண்டிலும் நான் எதையும் கழித்துச் சொல்லவில்லை.